ஏழாம் எண் அறையின் தரை

கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்குத் தலை சுற்றுகிறதா, சுற்றினால் குற்றம் கழுத்துடையதா உட்காதுடையதா என்று தீர ஆராய்ந்து தீர்ப்பு வழங்க, எங்கள் டான்யூப் கரை ஊரில் மேன்மை தங்கிய மருத்துவக் குழு ஒன்று இருக்கிறது. ஏழாம் எண் அறை. அங்கே போகாத குடும்பம் ஊரில் கிடையாது. நானும் போய்ச் சான்றிதழ் வாங்கியவன்தான். என் கழுத்துப் பட்டை சாம்பல் நிறம். இந்த வருஷம் கறுப்புதான் எடுப்பாம். பெண்கள் செருப்புக்குப் பொருத்தமாக வாங்குகிறார்கள்.

வெலிச்கோ அண்ணன் படகுத்துறையில் இருபத்தேழு வருஷமாக கிரேன் ஓட்டுகிறவர். மேலிருந்து குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்து தேய்ந்துவிட்டது. தலை ஒரு நாளும் சுற்றியதில்லை. ஆனாலும் காது நன்றாக இருக்கிறது என்று குழு எழுதிக் கொடுத்தால்தான் திங்கட்கிழமை கிரேனில் ஏறலாம். அந்த மனுஷனுக்கு கிரேனை விட்டால் வேறு உலகம் தெரியாது.

வரிசையில் அவருக்குப் பின்னால் நான், சான்றிதழைப் புதுப்பிக்க. அந்த அறைக் கதவு என்றைக்கும் சரியாக மூடியதில்லை. உள்ளே நடந்ததெல்லாம் தெரிந்தது.

"என் மூக்கையே பாருங்க. தலையைச் சட்டுனு திருப்பப் போறேன்," என்றார் டாக்டர் டோன்சேவா.

"திருப்பவே கூடாதுன்னு கழுத்து டாக்டர் எழுதியிருக்காரேம்மா."

"அப்போ நாற்காலியோட சுத்தணும். அது நாலு வருஷமா சுத்தல. சரி, கண்ணை மூடிட்டு, நின்ன இடத்துலயே அம்பது அடி வையுங்க."

வைத்தார். கண்ணைத் திறந்தபோது மூக்கு இடப்பக்க அலமாரியில் உரசிக்கொண்டிருந்தது.

"இடது காது போச்சு," என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"காது போகலம்மா, தரை சாயுது! இதைப் பாருங்க." அண்ணன் பையிலிருந்த ஆப்பிளைக் கீழே வைத்தார். அது உருண்டுபோய் அலமாரியில் முட்டியது.

"இந்த ஆப்பிளை யார் இங்க அனுப்பினது? பரிந்துரைக் கடிதம் இருக்கா?"

"என்னம்மா பேசறீங்க?"

"தரை நேரா இருக்குன்னு சான்றிதழ் இருக்கு. உங்க காதுக்குத்தான் இல்ல."

"அப்போ நீங்களே நடந்து பாருங்க!"

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். அலமாரியில் முட்டினார். கோட்டைச் சரிசெய்துகொண்டு, "நல்லவேளை சொன்னீங்க. எனக்கு ரெண்டு மாசம் லீவு வேணும்," என்றார்.

அண்ணன் வெளியே பாய்ந்து வந்தார். "ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்க! தரைதான் கோணல். சேர்ந்து ஒரு மனு கொடுப்போம்!"

"வாயை மூடுங்கண்ணே!" என்று சீறினாள் காதுச் சான்றிதழைக் காட்டி மூன்று வருஷமாகச் சம்பளத்தோடு ஓய்வில் இருக்கும் ராடா. "தரை நேராயிட்டா எங்க காதும் நேராயிடும். நாளைக்கே என்னை மீன் ஆலைக்கு விரட்டிடுவாங்க. உங்களுக்கு ஏன் இந்த வேலை?"

சத்தம் கேட்டுக் குழுத் தலைவரே எழுந்தருளினார். "தரை நேராத்தானே இருக்கு?"

எங்கள் ஊரில் இல்லையென்று சொல்லத் தலையை மேலே தூக்குவோம். பட்டை போட்ட நாற்பது கழுத்தில் ஒன்றுகூட அசையவில்லை. 'மறுப்பு ஏதுமில்லை' என்று பதிவானது. எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. வெட்கக்கேடு!

கடைசியாக ஸ்பாஸ் உள்ளே போனான். அவனுக்கு நிஜமாகவே வலது காது போய்விட்டது. ரொட்டிக் கடைக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவான். காது அவனை வலப்பக்கம் இழுத்தது, தரை இடப்பக்கம் இழுத்தது. ஐம்பது அடியும் வைத்து, இம்மி பிசகாமல் நின்றான். தலைவர் கை தட்டினார். "இந்த அறையின் வரலாற்றிலேயே முதல் முழு ஆரோக்கியம்!"

திங்கட்கிழமை முதல் கிரேன் ஸ்பாஸிடம்.

இப்போது படகுத்துறையில் இரும்புச் சுமைகள் எங்கள் தலைக்கு மேலே அலைபாய்கின்றன; எதிரே நின்று ஓட்டும் ஸ்பாஸின் வலப்பக்கம் எங்களுக்கு இடப்பக்கம். பட்டை போட்ட நாங்கள் மேலே பார்க்க முடியாது. வெலிச்கோ அண்ணன் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடியே இருக்கிறார். "வலப்பக்கம் ஓடுங்க, வலப்பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்.

நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறோம். குழுவிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? எங்கள் எல்லார் சான்றிதழிலும் இடது காது போச்சு என்றுதான் எழுதியிருக்கிறது.