மிச்ச ஆறு மீட்டர்

லாரி ஷெட்டில் அன்று கால் வைக்க இடமில்லை. பிரேக் மகான் வந்திருந்தார்!

தலைவலிக்கு மகான் உண்டு, கல்யாணத்துக்கு மகான் உண்டு. பிரேக்குக்கென்றே ஒருவர் இறங்கி வந்தது ஓட்டுநர்கள் செய்த பாக்கியம். அவர் ஊதிக் கொடுத்த தாயத்தை ஸ்டீயரிங்கில் கட்டினால் போதுமாம். வண்டி சொன்ன இடத்தில் நிற்குமாம். அப்புறம் மெக்கானிக் எதற்கு? பிரேக்கை மிதிக்கிற காலையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவர் ஒரு மலைப்பாதை ஓட்டுநர். இருபது வருட சர்வீஸ். மறுநாள் கேஸ் சிலிண்டர் லோடோடு மலையிறங்க வேண்டியவர். அவர் வண்டியின் பிரேக் லைனிங் தேய்ந்து காகிதமாகிவிட்டது. "மாத்துங்க, மாத்துங்க" என்று ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தாள் அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. அந்த ஷெட்டில் பிரேக் மெக்கானிக்கே அவள்தான்.

"இன்னைக்காவது லைனிங்கக் கழட்டவா மாமா?"

"வேணாம்மா. தாயத்து வாங்கிட்டேன்."

"அப்ப இன்ஷூரன்சையும் அவர்கிட்டயே போட்டுக்கோங்க."

அவர் காதில் வாங்கவில்லை. பக்தியோடு சோம்பலும் சேர்ந்தால் காது தானாக அடைத்துக்கொள்ளும்.

மகான் அற்புதத்தைத் தொடங்கினார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. சீடன் ஓட்டும் ஷெட் லாரி ஒன்று கோட்டைத் தொட்டதும் அவன் பிரேக்கை மிதிக்க வேண்டும். முதலில் தாயத்தோடு, இருபது கிலோமீட்டர் வேகத்தில். கோட்டைத் தாண்டி மூன்று மீட்டரில் நின்றது. அடுத்து தாயத்தை அவிழ்த்துவிட்டு நாற்பதில். பன்னிரண்டு மீட்டர் ஓடி நின்றது!

"நான் ஏமாத்துறவன் இல்லப்பா" என்றார் மகான், கண்ணை மூடியபடி. "வேகம் ரெண்டு மடங்கு. ஒத்துக்கறேன். அப்ப தூரமும் ரெண்டு மடங்குதானே? ஆறு மீட்டர்ல நின்னிருக்கணும். ஏன் பன்னெண்டு போச்சு? தாயத்து இல்ல! அந்த மிச்ச ஆறு மீட்டர்லதான் சாவு உக்காந்திருக்கு!"

கூட்டம் வாயைப் பிளந்தது. கணக்குப் போட்டுக் காட்டுகிற மகானை யார் சந்தேகிப்பார்கள்? மலைப்பாதை ஓட்டுநருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருபது வருடத்தில் எத்தனை ஆறு மீட்டர்களைத் தாயத்தில்லாமல் கடந்திருக்கிறோம்!

மச்சினி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, அளவெடுக்கும் டேப்போடு முன்னால் வந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். தாயத்தக் கட்டிக்கிட்டு நாப்பதுல வந்தா எத்தன மீட்டர்ல நிக்கும்?"

"ஆறே மீட்டர்!" மகானின் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நீங்க ஏழாவது மீட்டர்ல நில்லுங்க. இதே வண்டிய எங்க மாமா ஓட்டட்டும்."

மகானுக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. மகான்களுடைய தியானம் பொதுவாகக் கேள்விகளுக்குப் பின்னாலேயே வரும்.

"பரவால்ல, நீங்க ஓரமா உக்காருங்க." காலி ஆயில் பீப்பாய் ஒன்றை உருட்டி வந்து ஏழாவது மீட்டரில் நிறுத்தினாள். சீடன் விற்றுக்கொண்டிருந்த மகான் படம் ஒன்றை அதில் ஒட்டவும் செய்தாள். "மாமா, உங்க கையாலயே தாயத்தக் கட்டுங்க. முள்ளு நாப்பதத் தாண்டக் கூடாது."

மாமா மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். கும்பிட்டார். கிளப்பினார். கோட்டைத் தொட்டதும் முழுக் காலையும் ஊன்றி மிதித்தார். நான்கு மீட்டர், ஐந்து, ஆறு...

படார்!

மகான் படத்தோடு பீப்பாய் பறந்தது. வண்டி சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டில் நின்றது.

அவர் இறங்கவில்லை. மலையடிவார வளைவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்தான் அவர் கண்முன் நின்றார்கள். பீப்பாய் உருண்டு ஓய்ந்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"இப்ப தாயத்த அவுத்துட்டு இருபதுல வாங்க" என்றாள் மச்சினி.

வந்தார். மூன்றே மீட்டரில் நின்றது.

"அப்ப அந்த மிச்ச ஆறு மீட்டர்?" அவர் குரல் தேய்ந்திருந்தது.

"வேகம் ரெட்டிச்சா வண்டியோட உந்தம் ரெட்டிக்கும் மாமா. அதே பிரேக்கு, அதே பிடி. அதனால நிக்கறதுக்கு ரெண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் பூரா வண்டி சும்மாவா இருக்கும்? ரெண்டு மடங்கு வேகத்துலதான ஓடித் தளருது! ரெண்ட ரெண்டால பெருக்குங்க. நாலு. வண்டியோட இயக்க ஆற்றலும் அதே நாலு மடங்கு. அத்தனையையும் பாவம் லைனிங்தான் சூடாக்கித் தீக்கணும். சாமி உந்தத்த எண்ணுனாரு, ஆற்றல எண்ணல."

"மறந்திருப்பாரோ?"

"மறந்தவரு தாயத்து வண்டிய மட்டும் ஏன் இருபதுல விடச் சொன்னாரு?"

கூட்டம் முழுக்க மகான் பக்கம் திரும்பியது. தியானம் கலைந்து, அவர் தன் காருக்குள் ஏறியிருந்தார். அவசரத்திலும் ஒன்றை மறக்கவில்லை. சீட் பெல்ட்டை மாட்டி, சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

மலைப்பாதை ஓட்டுநர் தன் வண்டிச் சாவியை நீட்டினார். "லைனிங்க மாத்திடும்மா. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

"ஒரு வாரமா என்னயக் கத்தச் சொன்னதே அக்காதான் மாமா."

ஸ்டீயரிங்கில் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் ஐயா. மூளையை மட்டும் கட்டிப் போடாதீர்கள்!