சம்பந்தியார் தெரிந்தெடுத்த டிஃபரன்ஷலும் செபஸ்தியாரின் வேகமும்

செபஸ்தியார் துணை

மன்னார்,
செபஸ்தியார் பெருநாளுக்குக் கொடியேறிய நாள்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தியார் றெனால்ட் அவர்கள் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்த சந்தியோகு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் மனைவி பெற்றிசியாவும் சுகம். வெள்ளாங்குளத்தில் நீங்களும், சம்பந்தியம்மாவும், மருமகன் டிலோஜனும், எங்கள் டினோஜாவும், உங்கள் மாடுகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

இதுவரை எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் பெற்றிசியா எழுதியவை. நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். நான் சொல்லாத மரியாதைகளையும் சேர்த்துவிடுவாள். இப்போது கன்னியர்மடத்துச் சிஸ்டரின் மாலை வகுப்புக்குப் போய் எனக்கே எழுத வந்துவிட்டது. போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ஓம் ஓம் என்று ஆமாம் போடுவேன். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆமை வேகத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் உலகத்தில் இருப்பதை எனக்கு ஏன் ஒருவரும் முதலே சொல்லவில்லை!

விசயம் என்னுடைய கார். அந்தப் பழைய மொறிஸின் எஞ்சின் உயிரை விட்டதும், வவுனியாவில் ஒரு வான் வண்டியின் டீசல் எஞ்சினைத் தேடிப்பிடித்து லொறியில் ஏற்றிவந்து தந்தவர் நீங்கள். அந்த நன்றியை மறக்கமாட்டேன். மறந்தாலும் நீங்கள் நினைவுபடுத்துவீர்கள். அதைப் பூட்டிய எருக்கலம்பிட்டி மெக்கானிக் ஹில்மி பாஸ் அன்றைக்கே சொன்னார், பின்சில்லு இரண்டுக்கும் நடுவிலே பூசணிக்காய்போல இருக்கும் டிஃபரன்ஷலையும் எஞ்சினுக்கும் வேலைக்கும் தக்கதாகத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று. பழைய டிஃபரன்ஷலில் சில்லு ஒருதரம் சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஏறக்குறைய ஐந்துதரம் சுற்றும். இழுவை கூட, வேகம் குறைவு. நீங்கள் எஞ்சினோடு கொண்டுவந்த டிஃபரன்ஷலில் மூன்றுதரத்துக்குக் கொஞ்சம் கூட. வேகம் கூட, இழுவை குறைவு. (டிஃபரன்ஷல் என்ற சொல்லை எழுதப் பழக எனக்கு ஒரு பகல் முழுக்கச் சென்றது. பட்ட பாட்டை வீணாக்க மனமில்லாததால் இனியும் பலமுறை எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"மன்னாரில மலை எங்க கிடக்கு? பாலம் ஒண்டுதான் மேடு. நேர் றோட்டில மாட்டுவண்டி மாதிரியே போறது? வேகமானதைப் போடும் பாஸ்!" என்றீர்கள்.

"கார் சந்தியோகு அண்ணன்ட. அவரும் ஒரு சொல்லுச் சொல்லட்டுமே," என்று ஹில்மி பாஸ் என்னைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் தகப்பன் முன்னால் நின்று மீசையைத் தடவும்போது பெண்ணின் தகப்பன் என்ன சொல்வான்? ஓம் என்றேன். எங்கள் டிஃபரன்ஷல் தெரிந்தெடுக்கப்பட்ட வரலாறு இவ்வளவுதான். பழையதையும் "சும்மா ஏன் கிடப்பான்" என்று நீங்களே லொறியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அதற்கும் ஓம் என்றேன்.

உங்கள் தெரிவில் குற்றம் காண எனக்குத் தகுதி இல்லை. கார் பறக்கிறது. ஆனால் ஒரு சின்ன விசயம் அன்றைக்கு உங்களுக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு ஞாபகத்துக்கு வந்தும் வாய்க்கு வரவில்லை. எங்கள் குறிச்சிக் கோயில் பெருநாளில் செபஸ்தியாரின் சுரூபத்தை வைத்த தேரை வருடா வருடம் இழுப்பது எங்கள் கார். பெற்றோல் இல்லாத சண்டைக் காலத்திலும் மண்ணெண்ணெய் ஊற்றி இழுத்தோம். அந்த உரிமையை விட்டால் எனக்குக் கோயிலில் உட்கார முன்வாங்கும் இல்லை, சந்தியில் முகமும் இல்லை. அதைத் தட்டிப் பறிக்க அந்தோனி தன் உழவு மெசினைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு எத்தனையோ வருடமாகக் காத்திருக்கிறார்.

நேற்று ஒத்திகை. சுரூபத்தையும் ஏற்றியே பார்ப்போம் என்று பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார். பாடகர் குழு, செபமாலை சொல்லும் பெண்கள், தூபம் ஆட்டுகிறவர், எல்லாரும் வரிசையாக நிற்க, நான் முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். கார் நடக்கவில்லை, ஓடியது. சுரூபத்தில் மரத்தோடு கட்டுண்டு நிற்கும் செபஸ்தியார், கட்டோடும் மரத்தோடும் தப்பியோடுகிறவர்போலப் புறப்பட்டார். பாட்டு ஒரு பக்கம், பாடகர் ஒரு பக்கம். சுவாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

"சந்தியோகு! டேய் சந்தியோகு! புனிதர் எங்க போறார்?"

"வெள்ளாங்குளத்துக்குச் சுவாமி! இது அந்த றோட்டுக்கெண்டு போட்ட டிஃபரன்ஷல்!"

வேகத்தைக் குறைக்கக் கிளச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டினேன். சந்தி வருமுன்னே கிளச் பிளேட் கருகிக் காருக்குள்ளிருந்து புகை கிளம்பியது. அது சாம்பிராணி என்று நினைத்து இரண்டு கிழவிகள் சிலுவை போட்டார்கள். தூபம் ஆட்டுகிறவர் தன் புகை எடுபடவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கார் அங்கேயே நின்றுவிட்டது. மிச்சத் தூரம் தேரை ஆட்கள்தான் தள்ளினார்கள். தள்ளினவர்களில் முதல் ஆள் அந்தோனி.

"என்ன சந்தியோகண்ணை, புனிதருக்கு ஏதும் அவசரமோ? என்ர மெசின் மாடு மாதிரி நடக்கும். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, வாறன்."

கோயில் சபை கூடித் தீர்ப்பும் சொல்லிவிட்டது. பெருநாள் அன்று கார் நடந்தால் கார். ஓடினால் அந்தோனியின் மெசின். ஆகையால், சம்பந்தியார் அவர்களே, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், எங்கள் பழைய டிஃபரன்ஷலை இந்தக் கடிதம் கண்டவுடன் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். ஹில்மி பாஸ் மாற்றித் தருவார். பெருநாள் முடிந்ததும் உங்கள் வேகத்தையே திரும்பப் பூட்டி, உங்கள் முற்றத்திலேயே வந்து பிரேக் போடுகிறேன். டிலோஜனுக்கு இதைச் சொல்ல வேண்டாம். அவர் டினோஜாவுக்குச் சொல்லுவார், அவள் தாய்க்குச் சொல்லுவாள், தாய் "அண்டைக்கே வாயைத் திறந்திருக்கலாமே" என்று எனக்குச் சொல்லுவாள்.

உங்கள் வயலில் நெல்லும், உங்கள் வீட்டில் பிள்ளைச் சத்தமும் நிறைய, தேவமாதா உங்கள் எல்லாரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
எப்போதும் ஓம் சொல்லும்,
சந்தியோகு
(கையெழுத்து என்னுடையதே)

பி.கு.: கொடியேறிய அன்று தொடங்கிய கடிதம், மேலே என் பெயரை எழுதி முடிக்கப் பெருநாளும் முடிந்துவிட்டது. உங்கள் டிஃபரன்ஷலோடுதான் இழுத்தேன். ஹில்மி பாஸ் புதுக் கிளச் பிளேட்டைப் போட்டுவிட்டு, "அண்ணன், மிதிச்சுப் பிடிச்சா இதுவும் எரியும், விட்டுட்டு ஓட்டுங்கோ" என்றார். அந்தோனி மெசினை ஸ்டார்ட் பண்ணுவதற்குள் நான் கிளச்சை விட்டுவிட்டேன். சனம் முழுக்கப் புனிதருக்குப் பின்னால் ஓடியது. வடக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. வருடா வருடம் பாதி வழியில் நனைந்து வர்ணம் கரையும் செபஸ்தியார், இந்த வருடம் முதல் துளி விழுமுன் கோயிலுக்குள் நின்றார். மூச்சு வாங்கி முடித்த சுவாமியார், இது புனிதரே தெரிந்தெடுத்த வேகம் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். தெரிந்தெடுத்தது நீங்கள்தான் என்று நான் திருத்தவில்லை. மேலே எழுதியதை வெட்டலாம். இவ்வளவு பாடுபட்டு எழுதியதை வெட்டக் கை வரவில்லை. ஆகையால் நீங்கள் அதை வாசிக்காமல் விட்டுவிடுங்கள். பழைய டிஃபரன்ஷலை அனுப்ப வேண்டாம். அந்தோனி கேட்டு வந்தால் கொடுத்துவிடுங்கள். அவருடைய மெசினுக்கு இன்னும் கொஞ்சம் நிதானம் தேவை என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.