ஊருக்கு ஒரு கூடை மண்

ஏழு ஆறுகளுக்கு அப்பால் நிகர்நாடு என்றொரு தேசம் இருந்தது. அங்கே மன்னரையும் மக்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி வந்த மன்னர் ஊருக்கு ஊர், "உங்க வேலைதான் எனக்கு முதல் வேலை" என்று சத்தியம் செய்திருந்தார். மொத்தம் தொண்ணூற்றுமூன்று ஊர்கள். ஜெயித்த பிறகு வாக்குத் தவறலாமா? தொண்ணூற்றுமூன்று வேலைகளும் முதல் வேலையே என்று அறிவித்தார். முன்பின் பார்ப்பது ராஜத்துரோகம் என்று சட்டமும் வந்தது.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை, நூலகம் எல்லாம் ஒரே நாளில் தொடங்கின. அரண்மனையில் இருந்ததோ பன்னிரண்டு மண் வண்டிகள். அதனால் ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரு கூடை மண் என்று அளந்து கொடுத்தார்கள். கூடை இறங்கும்போதெல்லாம் மேளம் கொட்டினார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

தாழங்குளத்து ஏரிக்கரையில் விரிசல் கண்டிருந்தது. கரைக்குக் கீழே குடியிருந்த இருளாயி அரண்மனைக்கு நடந்தே போனாள்.

"சாமி, எல்லா வண்டியும் நாலே நாளு எங்க ஊருக்கு வந்தாப் போதும், கரை நின்னுரும். மத்த ஊருக்குப் பள்ளிக்கூடமும் வேணும், இல்லேங்கல. அது அடுத்த வருசம் வரலாம். மழை காத்திருக்காதுங்க."

அமைச்சர் புன்னகைத்தார். "அம்மா, தங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?"

"மூணுங்க."

"அவர்களில் யார் முதல், யார் கடைசி?"

"அதெப்படிங்க சொல்ல முடியும்?"

"மன்னருக்கும் அப்படித்தான். தொண்ணூற்றுமூன்று பிள்ளைகள்."

சபை கைதட்டியது. இருளாயி வந்த வழியே நடந்து ஊர் திரும்பினாள்.

ஐப்பசி பிறந்தது. பத்தொன்பதாவது கூடை விழுந்த அன்று மாலை கரை உடைந்தது.

மறுவாரம் அமைச்சர் விசாரணைக்கு வந்தார். இருளாயி மேட்டில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"மூன்று என்றீர்களே?"

"கை ரெண்டுதானுங்களே" என்றாள். "சின்னதுக ரெண்டையும் தூக்கிட்டேன். பெரியவ எப்படியும் நீந்தி வந்துருவான்னு நெனச்சேன்."

அமைச்சர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும். பெற்ற பிள்ளைகளுக்குள்ளேயே இவள் முன்பின் பார்த்திருக்கிறாள்."

இப்படியொரு குற்றம் நாட்டில் பரவிவிடக் கூடாதல்லவா? அவளைப் பிடித்துப் போக அன்று பன்னிரண்டு வண்டிகளும் தாழங்குளத்துக்கு வந்திருந்தன.