குலவை அத்தையின் இடது கன்னம்

எங்கள் தெருவில் கதவு எந்தப் பக்கம் திறக்கலாம், உலக்கை எப்போது விழலாம், யார் எங்கே நின்று தும்மலாம் என்பதையெல்லாம் அந்தக் காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் தீர்மானிக்கவில்லை. குலவை அத்தையின் இடது கன்னம்தான் தீர்மானித்தது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. நாகமலைப் பக்கத்து எங்கள் ஊரில் தாலி ஏறினாலும், பெண் சமைந்தாலும், முளைப்பாரி கிளம்பினாலும் முதல் குலவை அவருடையது. நாக்கைச் சுழற்றி ஒரு மூச்சு இழுத்தார் என்றால், மேளக்காரர் மேளத்தை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட வாய்க்குப் பக்கத்தில்தான் வலி வந்து குடியேறியது. மூக்கோரத்தில் தொடங்கிக் காது வரைக்கும் மின்னல் மாதிரி ஒரு வெட்டு. கொஞ்ச நேரம்தான். அது முடிந்ததும் அத்தை நிமிர்ந்து, யாரால் வந்தது என்று தேடுவார். வலி என்றால் காரணம் வேண்டும். காரணம் என்றால் அத்தைக்கு ஓர் ஆள் வேண்டும்.

“ஏண்டி, கதவ எவடி தொறந்தது?”

“நாந்தேன் அத்த. தண்ணிக்குப் போக வேணாமா?”

“போ, ஆரு வேணாம்னா? ஆடிக் காத்துல மேக்க பாத்த கதவத் தொறந்துதேன் போகணுமாக்கும். கொல்லப் பக்கமாப் போனா கொடம் நெறையாதோ?”

அந்த ஆடி முழுக்க எங்கள் வரிசைக்காரர்கள் எல்லோரும் திருடர்கள்போல் கொல்லை வழியாகவே போய் வந்தோம். எதிர்வீட்டில் கம்பு குத்தினால், “உலக்கைய உரல்ல போடுடி, எங் கன்னத்துல போடாத” என்று குரல் வரும். அவர் வீட்டுக்காரர் பாவம், முறுக்குப் பிரியர். அவர் கடித்தால் இவருக்கு வலிக்குமாம். மனிதர் முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்னப் பழகிக்கொண்டார்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. சுக்குப் பத்து, எருக்கிலை ஒத்தடம், வேப்பிலை அடித்து மந்திரிப்பு. தெருவில் ஆளுக்கு ஆள் வைத்தியர். கடைசியில் இது பல்லின் வேலை என்று முடிவு கட்டி, திருமங்கலம் சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் ஒன்றைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்திலிருந்ததையும் பிடுங்கினார். இரண்டையும் வெயிலில் திருப்பிப் பார்த்து, “சொத்தையே இல்லையே!” என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தை முன்னாலேயே பட்டிருக்கலாம்.

அதன்பிறகு அத்தை யார் பேச்சையும் கேட்கவில்லை. தானே சோதனையில் இறங்கினார். பச்சைத் தண்ணீர் பட்டால் வெட்டும், வெதுவெதுப்பானால் தாங்கலாம். வெற்றிலை மென்றால் வெட்டும். மூக்குத்தியில் முந்தானை உரசினால் வெட்டும். உப்பைச் சூடாக்கித் துணியில் கட்டி, கன்னத்தில் படாமல் தோள்பட்டையில் வைத்தால் இதம். துப்பட்டியால் தலையைச் சுற்றிக் கட்டினால் காற்றுக்குத் தப்பலாம். பேசினாலும் வெட்டும். ஆனால் அடுத்தவரைத் திட்டும்போது மட்டும் வெட்டாது என்று எங்கள் அம்மா சொல்வார்.

குலவை நின்றுபோனது. மற்றப் பெண்கள் போட்ட குலவையைக் கேட்டுவிட்டு, “கோழி வெரட்டுறாளுகளா?” என்று விசாரித்ததோடு சரி.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தாலி ஏறும்போது முதல் குலவை பெண் வீட்டிலிருந்து எழ வேண்டும். மாப்பிள்ளை வீடு முந்திக்கொண்டால், ‘வாயில்லாத வீட்டுப் பொண்ணு’ என்று அந்தப் பெண்ணை ஆயுசு முழுக்கக் குத்திக்காட்டுவார்கள். எனக்கோ இயல்பிலேயே வாய் கிடையாது. இந்தப் பெயரும் சேர்ந்தால் அந்த வீட்டில் என் கதி என்ன? மாப்பிள்ளை வீட்டார் வேறு, “ஒங்க ஊர்ல ஆள் இல்லையாம்ல? நாங்களே மூணு பேரக் கூட்டியாரோம்” என்று பரிவோடு சொல்லி அனுப்பினார்கள்.

துப்பட்டியோடு அத்தை வந்து நின்றார். “கொலவ நாந்தேன் போடுவேன்.”

“மதினி, ஒங்களுக்கு வாயத் தொறக்கவே...” என்று அம்மா இழுத்தார்.

“எங் கன்னத்துக்கு நாம் பதில் சொல்லிக்கிறேன். நீ சோத்துக்கு வழியப் பாரு.”

மறுநாள் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அத்தை விரலைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, தானாகவே மூக்கோரத்தில் வைத்தார். வெட்டு வந்தது. தூணைக் கட்டிக்கொண்டு துடித்தார். அடங்கியதும் கஞ்சியைப் பிடுங்கி மடமடவென்று குடித்து முடித்தார்.

“என்னத்தே இது?”

“ஒரு தடவ வெட்டிருச்சுன்னா அது செத்த நேரம் அசந்து கெடக்கும்டி. அப்ப என்ன செஞ்சாலும் முழிக்காது. அதேன் நானே கூப்புட்டு வாங்கிக்கிறேன். அதுக்குள்ள தின்னுட்டா லாபம்.”

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மூவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார்கள். என்னைத் தலையைக் குனியச் சொன்னார்கள். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான். ஓரக்கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கியதும் அத்தை துப்பட்டியை உருவிப் போட்டுவிட்டு, செம்புத் தண்ணீரை அள்ளிக் கன்னத்தில் அறைந்துகொண்டார். அப்படியே மடங்கி உட்கார்ந்தார்.

“அய்யய்யே, பொண்ணு வீட்டுக்காரிக்குச் சாமி வந்துருச்சு! துந்நூறு கொண்டாங்க!” என்று மாப்பிள்ளையின் சித்தி கத்தினாள்.

“ஆரும் தொடாதீக!” என்று முறுக்குப் பிரியர் குறுக்கே கையை விரித்து நின்றார். அவர் சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன்.

தாலி என் கழுத்துக்கு வந்தது. அத்தை எழுந்தார். முகமெல்லாம் தண்ணீர். ஒரு குலவை எழுந்தது பாருங்கள், செருமிய மூன்று வாய்களும் திறந்தபடியே நின்றன. முதல் முடிச்சு. மாப்பிள்ளை நூலைத் தவறவிட்டு மறுபடி பிடித்தார். இரண்டாம் முடிச்சு. இதற்குள் அசந்து கிடந்தது முழித்துக்கொண்டது. அத்தையின் முகம் ஒரு பக்கமாக இழுத்தது, கண் பிதுங்கியது. குலவை அறுபடவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் சுவரோரமாகச் சரிந்தார்.

அத்தையிடம் திருநீறு வாங்கக் குனிந்தேன். அவர் கண்ணீர் நிற்கவே இல்லை. எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது.

“நீ எதுக்குடி அழுகுற? நா ஒண்ணும் ஒன்ன நெனச்சு அழுகல. ஒம் மாப்ள மூணு முடிச்சுப் போட இம்புட்டு நேரமாக்குனாரு பாரு, அந்த வலி” என்றார்.

நான் இன்றுவரை அதை நம்பவில்லை.