தொண்டர் பதவி காலி

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று என் மனைவி மறுபடியும் சொன்ன அன்றுதான், நாட்டைத் திருத்துவது என்று முடிவெடுத்தேன். குழாயோடு ஒப்பிட்டால் அது சுலபம்.

எங்கள் வார்டில் குழந்தை பிறந்தால், அழுவதற்கு முன்பே மணிக் கட்சி. கவுன்சிலரும் மணிக் கட்சிதான். எங்கள் மாடியில் குடியிருக்கும் டெய்லரம்மா. எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால், தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலேயே தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட வார்டில் நான் குடைக் கட்சியில் சேர்ந்தேன். எனக்குப் பெரிய ஆசை எல்லாம் இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, என்னைத் "தலைவரே" என்று கூப்பிட வேண்டும். என் வாட்ச் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து "ஏங்க, வாட்ச்சுக்காரரே" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வார்டுக் கிளையில் மொத்தம் இரண்டு பேர். நான் தலைவர். சலூன்காரர் செயலாளர். தொண்டர் பதவி காலி.

சலூன்காரரும் என்னைத் தலைவரே என்று கூப்பிட மாட்டார். "உங்க பின்னால நாலு பேராவது வரட்டும் சார், அப்புறம் கூப்பிடறேன்" என்றுவிட்டார். கொள்கைப் பிடிப்புள்ளவர்.

நான் எந்நேரமும் கட்சிக் குடையும் கையுமாகத் திரிந்தேன். ஒரு நாள் அடைமழையில் பால்காரர் சொட்டச் சொட்ட நின்றார். பாவமே என்று குடைக்குள் கூப்பிட்டேன்.

"வேண்டாம் சார். ஜலதோஷம் மாத்திரையில போயிடும். உங்க குடைக்குள்ள யாராவது பார்த்துட்டா மானம்ல போயிடும்!"

ஆதரவு என்று சொன்னால் என் மனைவி ஒருத்திதான். தேர்தலில் நிற்கச் சொன்னதே அவள்தான். தினமும் காலையில், காபி ஆறினாலும் பரவாயில்லை என்று, சாயங்காலத் தெருமுனைக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கேட்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பேசி அவள் கேட்டது அப்போதுதான். நெஞ்சு நிறைந்து போனது.

"இன்னிக்கு எதைப் பத்தி?"

"தெருவிளக்கு. 'இருண்ட ஆட்சி, இருண்ட தெரு'ன்னு ஆரம்பிக்கிறேன்."

"அடேங்கப்பா! எந்தக் கம்பம்?"

"முக்குல இருக்கே, அது."

"மருந்துக் கடை எதிர்ல இருக்கறதும் எரியலை. அதையும் சேர்த்துக்கோங்க."

சாயங்காலம் மைக்கைப் பிடித்து, "இருண்ட ஆட்சி" என்றேன். தலைக்கு மேலே விளக்கு பளிச்சென்று எரிந்தது. போட்டிருந்த நாற்காலிகள் அத்தனையும் காலி என்பது அந்த வெளிச்சத்தில் தெருக்கோடி வரை தெரிந்தது.

அடுத்த கூட்டம், குண்டும் குழியும் பற்றி. நான் போவதற்குள் தார் போட்டுவிட்டார்கள். மைக் ஸ்டாண்டு தாரில் ஒட்டிக்கொண்டது. சலூன்காரரின் ஒரு செருப்பும். குப்பை மேட்டைக் கண்டிக்கப் போனால் மேட்டையே காணோம். அங்கே பூச்செடி வைத்திருந்தார்கள். பூச்செடியைக் கண்டித்துப் பேச எனக்கு வரவில்லை.

ஒன்றும் புரியவில்லை. யாரோ துப்புக் கொடுக்கிறார்கள். கட்சியில் இருப்பதோ இரண்டு பேர். அது நான் இல்லை. சலூன்காரரிடம் நேராகவே கேட்டேன். கத்தி என் தொண்டையில் இருக்கும்போது கேட்டிருக்கக் கூடாது.

"நான் காட்டிக்குடுக்கறவனா சார்?"

"இல்லைங்க. இல்லவே இல்லைங்க."

பிறகு என் மேலேயே சந்தேகம் வந்தது.

"நான் தூக்கத்துல ஏதாவது உளறுறேனா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"முழிச்சிருக்கும்போது உளறுறதோட சரி. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அடுத்தது சாக்கடைதானே?"

சாக்கடைதான். மறுநாளே மூடி போட்டுவிட்டார்கள்.

ஓட்டு எண்ணினார்கள். டெய்லரம்மாவுக்கு வார்டு முழுக்க. எனக்கு இரண்டு. ஒன்று நான் போட்டது. இன்னொன்று தன்னுடையது என்று சலூன்காரர் கத்திரிக்கோலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். அப்படியென்றால்?

வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் என் மனைவியும் டெய்லரம்மாவும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நீ எனக்கு ஓட்டுப் போடலையா?"

"போடலை."

"ஏன்?"

"நல்லா இருக்கே! நீங்க ஜெயிச்சிட்டா, அப்புறம் நான் யாரைக் காட்டி இவங்களை மிரட்டறது?"

"மிரட்டினியா?"

"பின்னே? 'சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் விளக்கைப் பத்திப் பேசறாரு. யாரும் வெளியில வரலையே தவிர, எல்லாரும் ஜன்னல் வழியாக் கேக்கறாங்க'ன்னு மாடிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்வேன். அவ்வளவுதான்."

"பயந்துபோய் மெஷினை விட்டே எழுந்துட்டேன் அண்ணே," என்றார் டெய்லரம்மா. "எதிர்த்து யாரும் நின்னு பழக்கமே இல்லை பாருங்க. அடுத்த தடவையும் நீங்கதான் நிக்கணும்."

"நான் கட்சியை விட்டே விலகுறேன்."

"விலகுவீங்க, விலகுவீங்க. தண்ணி டேங்க் இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் மனைவி.

எனக்கு வலித்தது. "அப்போ, தினமும் காபியை ஆறவிட்டு என் பேச்சைக் கேட்டது?"

"கேட்டாத்தானே மாடியில போய் ஒப்பிக்க முடியும்?" என்றவள், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஆனா நிஜமாவே நல்லாத்தான் பேசறீங்க. இல்லேன்னா இவங்க பயந்திருப்பாங்களா?"

இது பாராட்டா இல்லையா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

மறுநாள் காலை வாசலில் ஒருவர் நின்றார். சட்டையில் மணிக் கட்சி பேட்ஜ், கையில் ஸ்பானர்.

"குழாய் ரிப்பேருங்க. டெய்லரம்மா அனுப்பினாங்க. அடுத்த கூட்டத்துல உங்க வீட்டுச் சமையலறைக் குழாயைப் பத்திப் பேசப் போறீங்களாமே?"

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி ரொம்ப அக்கறையாக அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்தார்.

"உள்ள ஒரே இருட்டா இருக்கு. அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க தலைவரே!"

பிடித்தேன்.