கன்னத்து அண்ணாச்சியின் வேட்டி

சங்கரன்கோவிலில் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் துணியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது தாயும் அல்ல, தகப்பனும் அல்ல. ஒரு பருத்திக்கொட்டை வியாபாரியின் இடது கன்னம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும். ஊருக்கு அவர் கன்னத்து அண்ணாச்சி. எதையும் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். சந்தையில் கத்தரிக்காய்க்கும் அதே சோதனைதான். வலது கன்னத்தில் ஒரு மரு இருந்தது. அது தீர்ப்பைக் கெடுக்கும் என்று அந்தப் பக்கத்தை உபயோகிப்பதில்லை. ஒரு தடவை கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், முன்னால் நின்ற கரிவலம்வந்தநல்லூர்க்காரர் தோளில் கிடந்த துண்டை அவரைக் கேட்காமலே கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டார். அடி விழாமல் தப்பியது அம்பாள் புண்ணியம்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. துவைத்துத் துவைத்து நூல் இளகிய பழைய வேட்டியைக் கிழித்துத்தான் இடுப்பில் கட்டுவோம். அதுவும் கண்டவர் வேட்டி கூடாது. நாலைந்து பிள்ளை பெற்று வளர்த்தவர் வேட்டியாக இருக்க வேண்டும்; அந்த ராசி பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள். அப்படிப்பட்ட வேட்டிகள் ஊரில் எந்தெந்த இடுப்பில் இருக்கின்றன என்பது அண்ணாச்சிக்கு அத்துப்படி. தெருவில் போகிற வாத்தியாரை நிறுத்தி, “சார்வாள், இதைக் கல்லுல ஓங்கி அடிச்சித் தொவைக்கச் சொல்லாதீக. ஐப்பசியில ஒரு பிள்ளைக்கு ஆகும்” என்பார். வாத்தியார் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார்.

அண்ணாச்சி சொல்லும் தீர்ப்பு இரண்டே வார்த்தைதான். ஒன்று “தேறும்.” இல்லாவிட்டால் “உறுத்தும்.” அப்பீல் கிடையாது.

இத்தனைக்கும் அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவர் வேட்டியை யாரும் கேட்டதில்லை. கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்து அவரும் கொடுத்ததில்லை. ஊரார் வேட்டியை எல்லாம் தொட்டுப் பார்த்தவர், தன் வேட்டியைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார்.

நான் அப்போது பருத்தி அரவை ஆலையில் குமாஸ்தா. உலகச் சண்டைக் காலம், துணிக்குக் கண்ட்ரோல்; அளந்துதான் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கும் துணி அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். பழைய வேட்டியோ யார் வீட்டிலும் மிஞ்சாது. வேட்டி நைந்தால் துண்டு, துண்டு நைந்தால் கோவணம் என்று கடைசி நூல் வரை ஆண்டு அனுபவித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் என் மகள் பிறந்தாள்.

ராயகிரியில் என் மாமனார் வீட்டில் அம்மை கண்டிருந்ததால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. மாமியார் துணைக்கு வந்திருந்தார். வேறு வழியில்லாமல் கண்ட்ரோல் துணியைத் துவைத்துக் கட்டினோம். பிள்ளைக்குத் தொடை இரண்டும் சிவந்து தோல் உரிந்துவிட்டது. நனைந்தாலும் அழுகை, மாற்றினாலும் அழுகை. பால்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. மாமியார் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார். அம்பாள் மண் சரிதான். அதன்மேல் திரும்பவும் அதே துணியைத்தானே கட்டினோம். என் மனைவி கோமதி பிள்ளையோடு சேர்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி கடைக்கு ஓடினேன்.

தராசில் கொட்டை பாதி கிடக்க, வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டார். பிள்ளைக்காரர் வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கி நாலு வேட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்தார்.

“இது போலீஸ்காரர் வேட்டி. பழசாகியும் வெறப்பு போகல. உறுத்தும். இது மிட்டாய்க்கடைக்காரர் வேட்டி. பிள்ளைக்கு எறும்பு வரும் வே. இதுல வேட்டியக் காணும், ஒட்டுத்தான் இருக்கு.” நாலாவதைக் கையிலெடுத்ததும் அது தானாகவே இரண்டாகிவிட்டது. அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து கோமதியின் குரல் கேட்டது. “அண்ணாச்சி, நீங்க கட்டியிருக்கீகளே, அது எப்படி?”

“ஏட்டி, வாய மூடு! தலைப்பிள்ளைக்கு…” என்று ஆரம்பித்த மாமியார், அண்ணாச்சி முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார்.

“உங்க அம்மை சொல்லுததுதான் சரி தாயி. எனக்கு அந்த ராசி இல்ல” என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“ராசிய நான் கேக்கல அண்ணாச்சி. தேறுமா, உறுத்துமா? அத மட்டும் சொல்லுங்க.”

தீர்ப்பில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் மாட்டிக்கொண்டார். கட்டியிருந்த வேட்டியின் நுனியை எடுத்து இடது கன்னத்தில் வைத்தார். வெகுநேரம் அதைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு, நான் பார்த்து முதல் தடவையாக, மரு இருந்த வலது கன்னத்திலும் வைத்தார்.

“தேறும்” என்றார்.

புழக்கடையில் போய் அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டு, அவர் கையாலேயே கிழித்துக் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் போக என் புது கண்ட்ரோல் வேட்டியைக் கொடுத்தேன். தெருமுனை திரும்பும் வரை சரசரவென்று சத்தம் கேட்டது. மறுநாள் விடிந்ததும் காலை அகட்டி நடந்து வந்தார். “என்ன வே, தகரத்தையா உடுத்தி விட்டீரு? பிள்ள பட்ட பாடு இப்பல்லா தெரியுது!”

நாலைந்து நாளில் பிள்ளைக்குத் தொடை ஆறிவிட்டது. எல்லாம் புற்றுமண்ணின் மகிமை என்றார் மாமியார். ஆனால் ராயகிரிக்குப் புறப்படும்போது அண்ணாச்சி கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். “அடுத்த வேட்டி நைஞ்சாலும் நம்ம வீட்டுக்கே குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றைக்கு அண்ணாச்சி யாருக்கும் கொட்டையைச் சரியாக நிறுத்துப் போடவில்லை என்று கேள்வி.

அதன்பிறகு என்னை எங்கே கண்டாலும், பிள்ளை சௌக்கியமா என்று கேட்கமாட்டார். “துணி எப்படி இருக்கு?” என்பார். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் அதே கேள்விதான். அவள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள்.

அவள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அண்ணாச்சி காலமானார். அவர்மேல் போர்த்தக் கோடித்துணி எடுக்க ஜவுளிக்கடைக்குப் போனேன். மகளும் அழுதுகொண்டே கூட வந்தாள். கடைக்காரர் எடுத்துப் போட்ட புது வேட்டியை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“உறுத்தும்ப்பா.”

“கோடின்னா புதுசுதான் போடணும் மக்கா.”

“அப்பம் தொவைச்சிக் கொண்டு போவோம். பெரியப்பாவுக்கு உறுத்துமுல்லா?”

அன்று அண்ணாச்சிக்குப் போர்த்திய கோடி ஈரமாக இருந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை. போர்த்துவதற்கு முன் ஒரு முனையை என் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். தேறியது.