ஈ என்று இளித்த லேப்டாப்

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அக்காவும் நலம். என் கைகள் இரண்டும் மிக மிக நலம். உன் நலம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரையாவது நீடிக்கட்டும்.

போன மாதம் நீ போனில் சொன்னது நினைவிருக்கும். "அத்தான், லேப்டாப்ல ஒண்ணுமில்ல. உங்க கைதான் நடுங்குது. வயசாச்சு, டைப்பிங்கை விட்டுட்டு நிம்மதியா இருங்க." நீ கம்ப்யூட்டர் என்ஜினீயர், சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். இங்கே உன் அக்கா அன்றிலிருந்து எனக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். கேட்டால், "தம்பி சொல்லிட்டான், முழுசா ஊத்தினா தளும்பிடும்" என்கிறாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி ஊருக்கே கற்றுக்கொடுத்த கைக்கு அரை டம்ளர். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். நீ உன் பழைய லேப்டாப்பை மேசையில் வைத்து, அதன் விலாவில் நகத்தளவு எதையோ செருகி, கூடவே கம்பியில்லாத கீபோர்டு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாய். லேப்டாப்பிலேயே கீபோர்டு இருக்க இன்னொன்று எதற்கு என்று, இன்ஸ்டிடியூட்டில் வேலை முடிந்த மெஷினுக்குச் செய்கிற மாதிரியே அதற்கும் துணி உறை போட்டு, பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டேன். உறை போட்டால் மெஷின் ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம், அதுதான் எங்கள் முறை. பிறகு கீழ்வீட்டு வக்கீலம்மாவின் மனுக்களை டைப் அடிக்க உட்கார்ந்தேன், பிடித்தது சனி. முதலில் கர்சர். நான் மூன்றாம் பத்தியில் அடித்துக்கொண்டிருப்பேன், அது சொல்லாமல் கொள்ளாமல் முதல் பத்திக்குத் தாவிவிடும், நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போக, கடைசியில் பார்த்தால் மாண்புமிகு நீதிபதி அவர்கள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியதாக மனு தயாராகியிருக்கும். உள்ளங்கை பட்டுத் தொலைக்கிறதோ என்று டச்பேட் மேல் அட்டை ஒட்டிப் பார்த்தேன், அட்டைக்கு மேலேயும் அது வேலை செய்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வந்தது ஈ. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஈஈஈஈஈ என்று வரிவரியாக ஓட ஆரம்பித்தது. உன் அக்கா பக்கத்தில் நின்று துவைத்த துணிகளை மடித்து அலமாரியில் திணித்துக்கொண்டே, "தூங்கிட்டீங்களா, கை பட்டுட்டே இருக்குது பாருங்க" என்றாள். கை மடியில் இருப்பதைக் காட்டினால், "இப்பத்தானே எடுத்தீங்க" என்கிறாள். வக்கீலம்மா படித்துப் பார்த்துவிட்டு, "சார், என் கட்சிக்காரர் கண்ணீர் விட்டுக் கொடுத்த மனு இது. நடுவுல ஈன்னு இளிக்கிறாரே" என்றார். இன்னொரு தடவை இப்படி வந்தால் பெரிய சொத்து வழக்கு வேறு ஆளுக்குப் போய்விடும் என்பதையும் தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்கு வலித்தது.

நேற்று ரோஷம் வந்துவிட்டது. மவுஸைப் பிடித்துக்கொண்டு செட்டிங்ஸுக்குள் இறங்கினேன். டச்பேடை அணைத்தேன், கர்சர் கட்டிப்போட்ட மாடு போல நின்றது. டைப் அடிக்கிறவன் உள்ளங்கை வைக்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய்ப் பதித்தவன் ஆயுசில் ஒரு பக்கம் டைப் அடித்திருக்கமாட்டான். அடுத்து கீபோர்டு. அதை முடக்கினால் அடிக்க ஒன்றும் இருக்காதே என்ற முன்யோசனையுடன், அலமாரியில் போர்வை, துண்டுகளுக்கு அடியிலிருந்து நீ கொடுத்த கீபோர்டை இழுத்தெடுத்து, உறையை உருவி மேசையில் வைத்தேன். டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் இரண்டு கீபோர்டு இருந்தன. ஒன்று லேப்டாப்போடு உடன்பிறந்தது, மற்றது வந்து ஒட்டிக்கொண்டது. உடன்பிறந்ததைத் தேர்ந்தெடுத்து 'முடக்கு' என்றேன். நிச்சயம்தானா என்று கேட்டது. என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு நிச்சயமாக ஆமாம் சொன்னதில்லை.

ஈ நின்றது. மனு முழுவதையும் ஒரே மூச்சில் அடித்தேன். வக்கீலம்மா படித்துவிட்டு, "ஓர் எழுத்து பிசகல, சார்" என்று சொத்து வழக்குக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் சமையலறைக்குப் போய், நானே டம்ளரில் விளிம்புவரை டீ ஊற்றி, உன் அக்கா பார்க்கக் கூடம்வரை ஏந்தி வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆகவே, உன் லேப்டாப் பிறவிக் கோளாறு பிடித்தது என்பது நிரூபணமாகிவிட்டது. அதில் ஒன்றுமில்லை என்று சொன்ன அதே வாயால், அத்தான் கையில் ஒன்றுமில்லை என்று உன் அக்காவுக்கு போன் செய்து சொல்லிவிடு.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீயும் நடுங்காத கையோடு நெடுங்காலம் வாழ்க.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் அத்தான்
ஈஈஈஈஈஈஈஈஈஈஈஈ

பி.கு.: மேலே உள்ள இளிப்பு நான் அடித்ததல்ல. சாட்சியாக இருக்கட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன். கடிதம் முடிந்ததென்று கீபோர்டுக்கு உறை போட்டு அலமாரியில் வைத்தேன். உன் அக்கா அதன்மேல் போர்வைகளை அடுக்கினாள், ஈ வந்துவிட்டது. எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள், மறுபடி இளித்தது. "உறை போட்டா அது தூங்கிடுமா? இத்தனை நாளா உங்க மனுவெல்லாம் என் போர்வைதான் டைப் அடிச்சிருக்குது" என்றாள். ஆக, லேப்டாப்பில் ஒன்றுமில்லை என்று நீ சொன்னது சரிதான், எனக்கு அதில் வருத்தமே. உடன்பிறந்த கீபோர்டை மறுபடி எழுப்பி, இதை அதில்தான் அடிக்கிறேன். டச்பேட் மட்டும் முடங்கியே கிடக்கட்டும். ஆனால் போர்வை செய்ததற்கு என் கை பொறுப்பில்லை என்று உன் அக்காவே ஒப்புக்கொண்டுவிட்டாள். சற்று முன் விளிம்புவரை ஊற்றிய டம்ளரை அவளே என் கையில் கொடுத்தாள். உனக்கு ஒரு செய்தியும் எழுதச் சொன்னாள்: "தம்பி, நீ மெஷினுக்கு மட்டும் வைத்தியம் பாரு. எங்க வீட்டு மனுஷனுக்குப் பாக்காத."